எட்டாவது வள்ளல்

கடையெழு வள்ளல்களில் ஒருவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் ஆண்ட தகடூர்தான் இன்றைய தருமபுரி. நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனி கையில் இருந்தும் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தவன். மண்ணின் குணம் லேசில் போகாது. இன்றைக்கும் இந்த மாவட்டத்தில் வள்ளல்களுக்குப் பஞ்சமில்லை. பழைய டீசல் கார் ஒன்றை வைத்து ஓட்டுகிற ஒவ்வொருவனும் வள்ளல்தான். அதியமான் கேட்காமலேயே கொடுத்தான். இவனிடம் கேட்காமலேயே எடுத்துக்கொள்கிறார்கள். மற்றபடி வித்தியாசம் ஒன்றும் இல்லை.

பாலக்கோடு தக்காளி மண்டிக்குக் கிளம்பிய வியாபாரி ஒருவர் விடியற்காலையில் பங்க்கில் வண்டியை நிறுத்துகிறார். பின் சீட்டை மடக்கிப்போட்டு, காலிக் கூடைகளை அடுக்கிய கார். "ஐந்நூறுக்குப் போடுப்பா." பையன் குழாயைச் சொருகிவிட்டு, "ஜீரோ பாத்துக்குங்கண்ணா" என்கிறான். அவரும் கழுத்தை நீட்டிப் பார்த்துத் தலையாட்டுகிறார். பங்க்கில் ஏமாறாமல் இருக்க நம் ஜனங்கள் கற்றுவைத்திருக்கிற ஒரே வித்தை, பூஜ்யத்தை உற்றுப் பார்ப்பது. அந்தப் பூஜ்யம் ஒன்றில்தான் யாருக்கும் பங்கு கிடையாது. அது நகர ஆரம்பித்ததுமே பங்காளிகள் வரிசைகட்டி வந்துவிடுகிறார்கள்.

முதல் பங்காளி டெல்லி. 2025 ஏப்ரலில் லிட்டருக்கு 2 ரூபாய் ஏற்றியபோது டீசல் மீதான மத்திய வரி 17 ரூபாய் 80 காசு ஆனது. அன்றைய கணக்கைப் பிரித்துப் பார்த்தால் அறிவாளிகளின் கைவேலை தெரியும். அடிப்படைக் கலால் 1 ரூபாய் 80 காசு. சிறப்புக் கூடுதல் கலால் 10 ரூபாய். வேளாண் உள்கட்டமைப்புக்கு 4 ரூபாய். சாலை உள்கட்டமைப்புக்கு 2 ரூபாய். இதில் மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டியது அந்த 1 ரூபாய் 80 காசு மட்டும்தான். மிச்சம் 16 ரூபாயும் செஸ், சிறப்பு என்று பெயர் சூட்டப்பட்டதால் யாருக்கும் பங்கு தர வேண்டாத தனிச்சொத்து. வேளாண்மைக்கு என்று லிட்டருக்கு 4 ரூபாய் வாங்குகிறார்களே, விலை போகாத தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிற பாலக்கோட்டு விவசாயியிடம் கேட்டுப் பாருங்கள், அதில் ஒரு காசாவது இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததா என்று. அவர் டிராக்டருக்கு டீசல் போடும்போதும் அதே 4 ரூபாயை அவரிடமே வாங்கிக்கொள்கிறார்கள். விவசாயியைக் காப்பாற்ற விவசாயியிடமே வசூல்!

2014 மே மாதம் டீசல் மீதான மத்தியக் கலால் 3 ரூபாய் 56 காசு. 2020-ல் கொரோனா வந்தது. கச்சா எண்ணெயை வாங்க ஆளில்லாமல் உலகச் சந்தை படுத்துவிட்டது. நமக்கு விலை இறங்கியிருக்க வேண்டும். இறங்கியதா? மார்ச்சில் 3 ரூபாய், மே மாதம் 13 ரூபாய் என்று வரியை ஏற்றினார்கள். மொத்தம் 31 ரூபாய் 83 காசு. வேலை போய், கூலி போய், பெங்களூரிலிருந்து தருமபுரிக்கு மூட்டை முடிச்சோடு திரும்பிக்கொண்டிருந்த ஜனங்களின் தலைமேல்தான் இந்தக் கருணை பொழிந்தது. பிறகு 2021 நவம்பரில் 10 ரூபாயும் 2022 மே மாதம் 6 ரூபாயும் குறைத்துவிட்டு, "மக்களுக்கு நிவாரணம்" என்றார்கள். திருடியதில் பாதியைத் திருப்பித் தருவதற்குப் பெயர் நிவாரணம் என்றால், நம் ஊர்ப் பிக்பாக்கெட்காரர்கள் எல்லாம் சமூக சேவகர்கள்.

இரண்டாம் பங்காளி சென்னை. விலையில் 11 சதவீதம், அதோடு லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசு என்ற மதிப்புக் கூட்டு வரிக் கணக்கு 2020 மே மாதம் அ.தி.மு.க. ஆட்சியில் வந்தது. இந்தச் சதவீதம் டெல்லியின் கலாலையும் சேர்த்த விலைமேல் விழுகிறது. அதாவது வரிக்கும் வரி. 2021 தேர்தலில் தி.மு.க. பெட்ரோலுக்கு 5 ரூபாய், டீசலுக்கு 4 ரூபாய் குறைப்போம் என்றது. ஆட்சிக்கு வந்த பிறகு, ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தார்கள். டீசலுக்கான 4 ரூபாய் தேர்தல் அறிக்கையின் பக்கத்தை விட்டு இறங்கவே இல்லை. பெங்களூருக்குச் சவாரி போகிற டிரைவர்கள் டேங்க்கைக் காயவிட்டு, ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில் போய் நிரப்புகிறார்கள். காவிரித் தண்ணீருக்குத்தான் கர்நாடகத்திடம் கையேந்துகிறோம் என்று பார்த்தால், டீசலுக்கும் அங்கேதான் ஓட வேண்டியிருக்கிறது.

டெல்லியும் மாநிலங்களும் ஒன்றையொன்று கைகாட்டுவது வழக்கம். ஆனால் அவர்கள் ஒற்றுமையாக இருந்த நாளும் உண்டு. 2021 செப்டம்பர் 17, லக்னோவில் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடியது. பெட்ரோல், டீசலை ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவரலாமா என்று பேச்சு வந்தது. இப்போது வேண்டாம் என்று சொல்லிக் கலைந்தார்கள். எதிலும் ஒத்துப்போகாதவர்கள் நம் டேங்க்கில் குழாய் போடுவதில் மட்டும் அண்ணன் தம்பி.

சரி, டீசல் கார் வாங்கச் சொன்னது யார்? 2012 மே மாதம் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் இடைவெளி வைத்திருந்தது அரசாங்கம்தான். அதைப் பார்த்து அரூரிலும் பென்னாகரத்திலும் வட்டிக்குக் கடன் வாங்கி, லட்ச ரூபாய் கூடக் கொடுத்து, டீசல் வண்டி எடுத்தான் நம்மாள். 2014 அக்டோபரில் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். 2016 பட்ஜெட்டில் கார்கள்மேல் செஸ் போட்டபோது, சின்ன பெட்ரோல் காரைவிட டீசல் காருக்குக் கூடுதலாகப் போட்டார்கள். 2023 செப்டம்பர் 12 அன்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, டீசல் வண்டிகளுக்குக் கூடுதலாக 10 சதவீதம் ஜி.எஸ்.டி. கேட்கப்போவதாகச் சொன்னார். பங்குச் சந்தையில் கார் கம்பெனிகள் ஆட்டம் கண்டதும், அப்படி ஒரு திட்டம் இப்போது பரிசீலனையில் இல்லை என்றார். கம்பெனி அழுதால் அன்றைக்கே பதில் வருகிறது. கார் வாங்கியவன் அழுதால்? 2022 ஏப்ரலிலிருந்து 15 வயதான காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000. 2025 ஆகஸ்டிலிருந்து 20 வயது தாண்டினால் 10,000. மனிதனுக்கு வயதானால் பென்ஷன் கேட்பான். வண்டிக்கு வயதானால் அரசாங்கம் அதனிடம் பென்ஷன் கேட்கிறது.

"டீசல் புகை நஞ்சாயிற்றே" என்பார்கள். நஞ்சுதான். அதை மறுக்கிறவன் தன் பிள்ளையின் நுரையீரலுக்கே துரோகம் செய்கிறான். புகைக்கு வரி போடுங்கள், தப்பில்லை. ஆனால் வண்டியை விட்டு இறங்கினால் ஏறுவதற்கு எதைக் கொடுத்தீர்கள்? தருமபுரிக்காரன் சென்னைக்கு நேராக ரயில் ஏற மொரப்பூர் போக வேண்டும். தருமபுரிக்கும் மொரப்பூருக்கும் இடையே வெள்ளைக்காரன் போட்ட ரயில் பாதை இருந்தது, 1941-ல் மூடினார்கள். திரும்பப் போட வேண்டியது வெறும் 36 கிலோமீட்டர். அதற்கும் 2019-ல்தான் அடிக்கல் வைத்தார்கள். ராத்திரி பிரசவ வலி எடுத்தால் மலைக் கிராமத்திலிருந்து கீழே கொண்டுவருவது ஊரில் யாரோ வைத்திருக்கும் பழைய டீசல் ஜீப். அதற்கும் வேளாண் செஸ், சாலை செஸ் எல்லாம் உண்டு. பிள்ளை பிறக்கும் முன்பே நாட்டுக்கு வரி கட்டிவிடுகிறது.

சாலைக்கு மட்டும் இவன் எத்தனை முறை கொடுக்கிறான்? டீசலில் சாலை செஸ். வண்டி எடுக்கும்போதே சாலை வரி. அதுவும் 2023 நவம்பரிலிருந்து 5 முதல் 10 லட்சம் ரூபாய் காருக்கு 10 சதவீதமாக இருந்தது 13 ஆனது. மூன்றாவது சுங்கம். வடக்கே போனால் கிருஷ்ணகிரி, தெற்கே போனால் பாளையம். இத்தனையும் கொடுத்து வாங்கிய சாலை எது? தொப்பூர் கணவாய். 2020 டிசம்பர் 12 அன்று நெரிசலில் நின்ற கார்கள்மேல் லாரி ஏறி நான்கு பேர் செத்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று மறுபடியும் நான்கு பேர். 6.6 கிலோமீட்டருக்கு 775 கோடி ரூபாயில் உயர்மட்டச் சாலை என்று ஓர் அறிவிப்பும் வந்தது. பாஸ்டாக்கில் பணம் பிடிக்க ஒரு நொடி போதும். அந்தக் கணவாய் இறக்கத்தைச் சரிசெய்ய மட்டும் பிணங்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

அதியமானுக்காகக் காஞ்சிக்குத் தூது போன ஔவை, தொண்டைமானின் நெய் பூசிப் பளபளக்கும் ஆயுதங்களைப் புகழ்வதுபோல் இகழ்ந்தாள் என்பார்கள். என் மன்னனின் வேல்கள் எப்போதும் கொல்லன் பட்டறையில்தான் கிடக்கும் என்றாளாம். இன்று அவள் டெல்லிக்கோ கோட்டைக்கோ தூது போனால் வேறென்ன சொல்வாள்? உங்கள் அடிக்கல்கள் அழகு, மாலை போட்டு மஞ்சள் தடவி வைத்திருக்கிறீர்கள். எங்கள் வண்டிகள் குழியில் அடிவாங்கி எப்போதும் பட்டறையில்தான் நிற்கின்றன.

இனிப் புகழ்ச்சி போதும். ஓட்டலில் இரண்டு இட்லி தின்றால்கூட சி.ஜி.எஸ்.டி. இவ்வளவு, எஸ்.ஜி.எஸ்.டி. இவ்வளவு என்று பில்லில் பிரித்துப் போடச் சட்டம் போட்டீர்கள். பங்க் பில்லில் ஏன் போடுவதில்லை? லிட்டருக்கு டெல்லி எடுத்தது எவ்வளவு, சென்னை எடுத்தது எவ்வளவு, வேளாண் செஸ் எவ்வளவு, சாலை செஸ் எவ்வளவு, எல்லாவற்றையும் அச்சடித்துக் கொடுங்கள். கீழே இன்னொரு வரி: இந்தப் பணத்தில் தருமபுரி மாவட்டத்துக்கு நாங்கள் செய்தது என்ன. அந்த இடத்தில் எழுத ஒன்றும் இல்லையென்றால் வெறுமனே விடாதீர்கள். ஒரு பூஜ்யம் போடுங்கள். பூஜ்யத்தை உற்றுப் பார்க்க எங்களுக்குத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு வாக்குச்சாவடிக்குப் போகவும் தெரியும்.