நெற்றியும் ஃபேனும்: திருவொற்றியூர் வீடியோ கால் குறித்து ஓர் ஆய்வு

வெளிநாட்டில் தன்னார்வப் பணிக்குப் போன பிள்ளையோடு திருவொற்றியூர்த் தாய் வீடியோ காலில் பேசும்போது, பிள்ளைக்குத் தெரிவது தாயின் நெற்றியும் அதற்கு மேலே சுற்றும் ஃபேனும் மட்டுமே. கண், மூக்கு, வாய் முதலான ஏனைய உறுப்புகள் திரைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. இது ஏன் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதைவிடச் சிறிய விஷயங்களுக்கெல்லாம் உலகம் முனைவர் பட்டம் கொடுத்திருக்கிறது.

முதலில் வகைப்பாடு. ராயபுரம் முதல் எண்ணூர் வரை, வெளிநாட்டில் இருப்பவர்களை ஊர் இரண்டே வகையாக அறியும்: கப்பலில் இருப்பவன், துபாயில் இருப்பவன். குவைத்தும் மஸ்கட்டும் துபாயில் அடக்கம் என்பது உரையாசிரியர்கள் துணிபு. தன்னார்வலனுக்கு இதில் இடமில்லை. ஐக்கிய நாடுகள் சபை தன் தன்னார்வலர் திட்டத்தை 1970-லேயே ஏற்படுத்திவிட்டது. அந்தச் செய்தி எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் சிக்கி இன்னும் வந்து சேரவில்லை. அத்திட்டத்தில் போகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது, வாழ்க்கைச் செலவுக்கான படி மட்டும் உண்டு. இதைப் பக்கத்து வீட்டுக்கு விளக்கப் புகுந்த தாய், "சம்பளம் இல்லாமயா அம்மாந்தூரம் போனான்?" என்ற ஒரே கேள்வியில் மடக்கப்பட்டு, அன்றிலிருந்து "கப்பல்ல கீறான்" என்றே சொல்லி வருகிறார். பிள்ளை இருப்பது தெற்கு சூடான். அந்த நாட்டுக்குக் கடலே கிடையாது. இதுவரை யாரும் வரைபடம் பார்த்துக் கேட்கவில்லை.

ஊரை விட்டுப் போனவர்களின் தகவல் தொடர்புக்குத் திருவொற்றியூரில் பழைய சான்றுகள் இரண்டு உண்டு. பிரியமாட்டேன் என்று சங்கிலியாருக்கு மகிழ மரத்தடியில் சத்தியம் செய்த சுந்தரர், திருவாரூர் நினைவு வந்து ஊரெல்லையைத் தாண்டியதும் இரு கண்ணும் தெரியாமல் போனார் என்பது பெரியபுராணச் செய்தி. காஞ்சியில் இடக்கண் வந்தது, திருவாரூரில் வலக்கண். எல்லை தாண்டினால் படம் போய்விடும், பிறகு தவணை முறையில் வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் எந்த செல்போன் கம்பெனியிடமும் இல்லை.

இரண்டாமவர் பட்டினத்தார். இவ்வூர்க் கடற்கரையில்தான் அவர் சமாதி இருக்கிறது. துறவு பூண்டு கிளம்பிய மகனின் இடுப்பில் தாய் ஒரு துணி முடிச்சைக் கட்டி, இது அவிழ்ந்தால் நான் போய்விட்டேன் என்று தெரிந்துகொள் என்றாராம். முடிச்சு இறுகி இருக்கும்வரை அம்மா நலம். முகம் கிடையாது, குரல் கிடையாது, சார்ஜும் கிடையாது. ஆனால் தகவல் ஒருநாளும் தவறியதில்லை. இதை வாசகர் நினைவில் வைக்க வேண்டும், பின்னால் உதவும்.

இனி நெற்றிக்கு வருவோம். இதற்கு அறிஞர் கூறும் காரணங்கள் பல. தெற்கு சூடான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியது. பிள்ளை மாலை ஐந்துக்கு அழைத்தால் இங்கே இரவு எட்டரை, சீரியல் நேரம். தாயின் கண் டிவியில் இருப்பதால் போன் சாய்கிறது என்பது ஒரு சாரார் வாதம். இது நிற்காது, விளம்பர இடைவேளையிலும் ஃபேன்தான் தெரிகிறது. எஸ்டிடி பூத் காலத்துப் பழக்கம் என்பது இன்னொரு வாதம். மஞ்சள் போர்டுக்குக் கீழே நின்று, மீட்டரில் ஓடும் ரூபாயைப் பார்த்துக்கொண்டே பேசிய தலைமுறைக்குப் போன் என்பது காதுக்கானது. ஆனால் காதில் வைத்தால் காதுதானே தெரிய வேண்டும்? உண்மையில் ராயபுரத்தில் காது மட்டும் தெரியும் மரபு ஒன்று இருக்கிறது. அது தனிப் பள்ளி. அதைத் தனியே ஆராய வேண்டும்.

உரையாடலின் உள்ளடக்கத்தையும் பார்த்துவிடுவது முறை.

"இன்னா கொழம்பு?"

"மீன்மா. நைல் ஆத்து மீனு. திலாப்பியான்னு பேரு."

"ஜிலேபியா? ஏரி மீனையா துண்ற?"

காசிமேட்டு வஞ்சிரமும் சங்கராவும் தின்று வளர்ந்த வீட்டில் இது அவமானம். திலாப்பியா 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டு, ஏரி குளமெங்கும் பரவி, ஜிலேபி என்று பெயர் எடுத்தது. அதன் நெருங்கிய சொந்தம் நைலில் பிறந்தது என்பதெல்லாம் தாயிடம் எடுபடாது. "எளச்சிப் பூட்ட" என்று தீர்ப்பு வரும். தீர்ப்பு சொல்வது நெற்றி. இடையில் லுங்கி ஒன்று திரையைக் கடந்து போகும், அது அப்பா.

இத்தனையும் நடக்கும்போது பிள்ளை எதைப் பார்க்கிறான்? ஃபேனைத்தான். ஃபேன் இரண்டில் ஓடினால் அம்மாவுக்குச் சளி. ஐந்தில் ஓடினால் கரண்ட் பில்லைப் பற்றிப் பேசும் ஆள் வீட்டில் இல்லை. கூரையில் ஈரம் படர்ந்திருந்தால் மாடியில் ஓட்டு வேலை இன்னும் ஆகவில்லை. இதில் ஒன்றையும் தாய் வாயால் சொல்லமாட்டார், பட்டினத்தாரின் முடிச்சைப்போல ஃபேன்தான் சொல்லும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எண்ணூர்ப் பக்கம் மழைத் தண்ணீரோடு மணலி சுத்திகரிப்பு ஆலை எண்ணெயும் வீடுகளுக்குள் புகுந்தது. பிள்ளை அங்கே வேறொரு நாட்டு ஜனங்களுக்கு வெள்ள நிவாரணம் பார்த்துக்கொண்டிருந்தான். இணைப்பு திரும்பிய அன்று தாய், "அல்லாரும் நல்லா கீறோம், ஒண்ணும் இல்ல" என்றார். நெற்றிக்கு மேலே ஃபேன் அசையாமல் நின்றது. பகல் வெளிச்சத்தில் மூன்று இறக்கையின் தூசியும் தெளிவாகத் தெரிந்தது. அவன் அப்போதே தங்கைக்குப் போன் செய்து உண்மையைக் கேட்டுவிட்டான்.

எதிர்ச்சான்றும் உண்டு. தங்கை ஒரு ஸ்டாண்டு வாங்கி வந்து போனை நிமிர்த்தி வைத்தாள். தாயின் முகம் முழுதும் தெரிந்தது. இருவரும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தவர்கள்போல் விறைத்து, சாப்பாடு ஆச்சா என்று கேட்டு, சரி வைக்கிறேன் என்று வைத்துவிட்டார்கள். ஸ்டாண்டு இப்போது அலமாரிக்கு மேலே இருக்கிறது.

ஆகவே பிள்ளைகளுக்கு வேண்டுகோள்: "போனை நேராப் புடிம்மா" என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். ஊரில் இருக்கும் தம்பி தங்கைகள், பொங்கலுக்கு முன் ஸ்டூல் போட்டு ஏறி அந்த இறக்கைகளை மட்டும் துடைத்துக் கொடுங்கள்.