தோட்டாவைக் காணவில்லை

அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டைச் சுட்டது சார்லஸ் கிட்டோ என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கொன்றது யார் என்பதில்தான் தகராறு. சுட்டது மட்டும்தான் நான், கொன்றது டாக்டர்கள் என்று கோர்ட்டில் சாதித்தார் கிட்டோ. தூக்குக்கயிறு கண்ணெதிரே ஆடினால் எவனும் இப்படித்தான் பேசுவான் என்று அன்றைக்குத் தள்ளிவிட்டார்கள். 1882-ல் தூக்கிலும் போட்டார்கள். அப்புறம் வந்த மருத்துவ வரலாற்றாசிரியர்கள்தான் ஒவ்வொருவராக அந்த ஆசாமியின் கட்சிக்குத் தாவிவிட்டார்கள்.

அவசர சிகிச்சையில் உடம்புக்குள் எட்டிப் பார்க்கும் கலை இந்தக் கேஸில்தான் தொடங்குகிறது என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது. அதனால்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

1881 ஜூலை 2, வாஷிங்டன் ரயில் நிலையம். பதவியேற்று நான்கே மாதமான கார்ஃபீல்ட் வெளியூர் கிளம்பிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து இரண்டு முறை சுட்டார் கிட்டோ. ஒரு தோட்டா கையை உரசிக்கொண்டு போனது. இன்னொன்று முதுகில் வலப்பக்கம் புகுந்து, முதுகெலும்பைத் துளைத்து, தண்டுவடத்தைத் தொடாமல் இடப்பக்கம் போய், கணையத்துக்குப் பின்னால் செட்டிலாகிவிட்டது. அதற்கு மேல் யாரையும் தொந்தரவு செய்யும் உத்தேசம் அதற்கு இல்லை. உள்நாட்டுப் போரில் வாங்கிய தோட்டாவை உடம்பிலேயே வைத்துக்கொண்டு பிள்ளைகுட்டி பெற்றவர்கள் அந்த நாட்டில் ஏராளம்.

ஆனால் கார்ஃபீல்ட் ஜனாதிபதி. ஆகவே டாக்டர் வந்தார். பெயர் டாக்டர் வில்லார்ட் பிளிஸ். இதில் 'டாக்டர்' பட்டமல்ல, பெற்றோர் வைத்த பெயர். முறையாகக் கூப்பிட்டால் டாக்டர் டாக்டர் பிளிஸ். பத்து வருஷத்துக்கு முன்னால் குண்டுராங்கோ என்ற தென்னமெரிக்கக் கொடியின் பட்டை புற்றுநோயைத் தீர்க்கும் என்று முழங்கியவர். வந்த வேகத்தில் காயத்துக்குள் விரலை விட்டார். கழுவாத விரல். கையைக் கழுவுங்கள், கருவியைக் கழுவுங்கள் என்று லிஸ்டர் என்ற பிரிட்டிஷ் டாக்டர் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்த காலம் அது. 1876-ல் பிலடெல்பியாவுக்கே வந்தும் சொல்லிப் பார்த்துவிட்டார். கண்ணுக்கே தெரியாத பூச்சிக்குப் பயப்படுவதா என்று அமெரிக்கப் பெரிய டாக்டர்களில் பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிளிஸும் சகாக்களும் மாற்றி மாற்றி, சாம்பாரில் முருங்கைக்காய் தேடுகிற மாதிரி ஜனாதிபதிக்குள் துழாவினார்கள். தோட்டா கிடைக்கவில்லை. சீழ் கிடைத்தது. சில அங்குலமே இருந்த காயம், அவர்கள் தேடிய திசையிலெல்லாம் நீண்டு வாய்க்காலானது.

இந்த இடத்தில் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் வருகிறார். டெலிபோனுக்குக் காப்புரிமை வாங்கி ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. விரலை விடாமல் தோட்டாவைக் கண்டுபிடிக்க ஒரு கருவி செய்தார். கம்பிச்சுருள்களில் மின்சாரம் ஓடும். பக்கத்தில் உலோகம் வந்தால் சமநிலை குலைந்து டெலிபோன் ரிசீவரில் ரீங்காரம் கேட்கும். தோட்டா சுமந்த பழைய சிப்பாய்களைப் பிடித்து வந்து சோதித்தார். வேலை செய்தது.

ஜூலை 26 அன்று வெள்ளை மாளிகையில் முதல் முயற்சி. வயரை எங்கோ தப்பாக மாட்டியதில் வெறும் இரைச்சல். ஆகஸ்ட் 1 அன்று மறுபடி. இந்த முறை கருவி சரியாக இருந்தது. மற்றதெல்லாம் தப்பாக இருந்தது. தோட்டா வலப்பக்கம்தான் என்று பிளிஸ் ஏற்கெனவே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். ஆகவே பெல் வலப்பக்கம் மட்டும்தான் தேடலாம். தேடினார். பரவலாக எங்கு வைத்தாலும் மெல்லிய சத்தம். மனிதர் குழம்பிப்போனார். மறுநாள் விசாரித்தால், ஜனாதிபதி படுத்திருந்த குதிரைமுடி மெத்தைக்கு அடியில் இன்னொரு மெத்தை, எஃகுக் கம்பியில் செய்தது. அமெரிக்காவின் தலைசிறந்த உலோகம் தேடும் கருவி கட்டிலைக் கண்டுபிடித்திருந்தது.

பிளிஸ் இதற்கெல்லாம் அசரவில்லை. நான் சொன்ன இடத்தில்தான் தோட்டா இருக்கிறது, கருவியே ஒப்புக்கொண்டது என்று அறிவித்துவிட்டார். உலகின் முதல் ஸ்கேன் ரிப்போர்ட் இதுதான் என்றால், டாக்டர் முன்பே எழுதிவைத்த முடிவுக்கு மெஷின் போட்ட கையெழுத்து அது.

அப்புறம் நடந்ததைச் சாப்பாட்டு நேரத்தில் படிக்க வேண்டாம். ஜனாதிபதியின் வயிறு எதையும் ஏற்காததால், மேல்வாசலை மூடிக் கீழ்வாசல் வழியே விருந்து வைத்தார்கள். மாட்டிறைச்சிச் சாறு, முட்டைக் கரு, விஸ்கி எல்லாம் எனிமாவாக உள்ளே போயின. பிளிஸ் அதைப் பற்றிப் பெருமையாக ஒரு நூலே வெளியிட்டார். 210 பவுண்டு இருந்த கார்ஃபீல்ட் 130 பவுண்டுக்கு வந்து, செப்டம்பர் 19 அன்று போய்ச் சேர்ந்தார். அறுத்துப் பார்த்தால் தோட்டா இடப்பக்கம், சுற்றிலும் சதை மூடி, சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. பிளிஸ் 25,000 டாலருக்கு பில் அனுப்பினார். 6,500 தருகிறோம் என்றது காங்கிரஸ். இது அவமானம் என்று வாங்க மறுத்துவிட்டார் பிளிஸ். ரோஷக்காரர்.

1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். அடுத்த மாதம் மனைவியின் கையைப் படம் எடுத்தார். எலும்பும் மோதிரமுமாகத் தன் கையைப் பார்த்த அந்த அம்மாள் தன் சாவையே பார்த்துவிட்டதாகச் சொன்னார் என்பார்கள். காப்புரிமை வேண்டாம் என்று ராண்ட்ஜன் சொல்லிவிட்டதால் ஊர் ஊராகக் கருவி பரவியது. 1896 பிப்ரவரியிலேயே அமெரிக்காவின் டார்ட்மத்தில் ஒரு பையனின் உடைந்த மணிக்கட்டைப் படம் எடுத்துவிட்டார்கள். இனி எந்த ஜனாதிபதியைச் சுட்டாலும் கவலையில்லை.

சுட்டார்கள். 1901 செப்டம்பர் 6, பஃபலோ நகரக் கண்காட்சி. கைக்குட்டைக்குள் துப்பாக்கியைச் சுற்றிக்கொண்டு வரிசையில் நின்ற லியோன் சோல்கோஷ், கைகுலுக்க வந்த ஜனாதிபதி மெக்கின்லியை வயிற்றில் சுட்டார். ஊரின் பெரிய சர்ஜன் ராஸ்வெல் பார்க் நயாகராவில் வேறொரு ஆபரேஷனில் இருந்தார். உடனே வாருங்கள் என்றதற்கு, அமெரிக்க ஜனாதிபதிக்கே என்றாலும் பாதியில் வர முடியாது என்றாராம். அவருக்கேதான் என்றார்களாம். கடைசியில் கத்தியைப் பிடித்தவர் மகப்பேறு மருத்துவத்தில் பேர்பெற்ற மேத்யூ மான். வெளியே கண்காட்சிக் கட்டடங்களில் நயாகரா மின்சாரத்தில் லட்சக்கணக்கான பல்புகள். உள்ளே ஆபரேஷன் மேஜையில் வெளிச்சம் போதாமல், மறையும் சூரியனைக் கண்ணாடி பிடித்து ஜனாதிபதியின் வயிற்றுக்குள் திருப்பினார்கள். இரைப்பையின் இரண்டு ஓட்டைகளைத் தைத்தார்கள். தோட்டா கிடைக்கவில்லை.

அதே கண்காட்சியில் ஒரு எக்ஸ்ரே மெஷின் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது. பார்வைக்கு மட்டும். எடிசன் தன் பங்குக்கு இன்னொரு மெஷினையும், அதை இயக்க கிளாரன்ஸ் டாலி என்ற உதவியாளரையும் அனுப்பினார். டாக்டர்கள் அதையும் தொடவில்லை. நோயாளி தேறிவருகிறார், இப்போது எதற்கு அவரைப் புரட்டுவது என்றார்கள். தெம்பான அறிக்கைகளை நம்பித் துணை ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மலைக்கு உல்லாசப் பயணமே போய்விட்டார். செப்டம்பர் 14 அன்று மெக்கின்லி இறந்தார். தோட்டா போன வழியெல்லாம் அழுகியிருந்தது. பிரேதப் பரிசோதனையிலும் தோட்டா அகப்படவில்லை. மூன்று மாதத்தில் ராண்ட்ஜனுக்கு இயற்பியலின் முதல் நோபல் பரிசு கிடைத்தது. நியாயமாகச் சொன்னால், படம் எடுத்திருந்தாலும் மெக்கின்லி பிழைத்திருக்கமாட்டார். அவரைக் கொன்றது அழுகல். தோட்டாவின் விலாசம் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. டாலியின் கதை இன்னும் மோசம். சோதனைக்காகத் தன் கையையே கதிருக்குக் காட்டிக் காட்டி, கைகளை வெட்டி எடுக்கும் நிலைக்கு வந்து, 1904-ல் இறந்தார். பார்ப்பதற்கும் விலை உண்டு என்று புரிந்துகொண்ட எடிசன், எக்ஸ்ரேக்கு ஒரு கும்பிடு போட்டார்.

பிழைத்த ஜனாதிபதிக்கு வருவோம். 1912 அக்டோபர் 14, மில்வாக்கி. மதுக்கடைக்காரர் ஜான் ஷ்ராங்க், முன்னாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மார்பில் சுட்டார். காரணம் கேட்டால், மெக்கின்லி கனவில் சவப்பெட்டியிலிருந்து எழுந்து வந்து, பழிவாங்கு என்று ரூஸ்வெல்ட்டைக் கைகாட்டினாராம். தோட்டா கண்ணாடிக்கூட்டையும், மடித்துவைத்த 50 பக்கப் பேச்சையும் துளைத்துக்கொண்டுதான் உள்ளே போக முடிந்தது. நீளமான பேச்சால் உயிர் தப்பிய அரசியல்வாதி எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

ரூஸ்வெல்ட் கைக்குள் இருமிப் பார்த்தார். ரத்தம் வரவில்லை. அப்படியென்றால் நுரையீரலுக்குச் சேதமில்லை என்று தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, மேடையேறி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பேசினார். அப்புறம்தான் எக்ஸ்ரே. தோட்டா விலா எலும்போடு நின்றிருந்தது. டாக்டர்கள் படத்தைப் பார்த்தார்கள்; எடுப்பதைவிட விடுவதே நல்லது என்று விட்டுவிட்டார்கள். 1919-ல் தூக்கத்திலேயே இறக்கும்வரை அந்தத் தோட்டா அவரோடு இருந்தது. மூன்று ஜனாதிபதிகளில் இவருக்கு மட்டும்தான் படம் எடுத்தார்கள். எடுத்தபின் செய்த வைத்தியம்: ஒன்றுமில்லை.

கார்ஃபீல்டுக்கு நூறு வருஷம் கழித்து, 1981-ல் அதே வாஷிங்டனில் ஜனாதிபதி ரீகனைச் சுட்டார்கள். விலா எலும்பு முறிந்திருக்கும் என்று நினைத்து, ஆஸ்பத்திரிக்குள் நடந்தே போய்ச் சரிந்தார். மார்பு எக்ஸ்ரேயில் தோட்டா தெரிந்தது. ஆபரேஷனில் சர்ஜனின் விரலுக்கு அது சிக்காதபோது, மேஜையிலேயே இன்னொரு படம் எடுத்து, இதயத்திலிருந்து ஓர் அங்குல தூரத்தில் இருந்ததை வெளியே எடுத்தார்கள்.

ஆக, பார்க்கத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு பார்ப்பதை நிறுத்த முடியவில்லை. அவசரப் பிரிவில் யார் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் படம், காலை நொண்டிக்கொண்டு வந்தாலும் படம். ஆகவே ஆராய்ச்சியாளர்கள் மெஷினை விட்டுவிட்டு டாக்டர்களை ஆராய ஆரம்பித்தார்கள். நெக்ஸஸ் என்ற ஆய்வு, 21 அமெரிக்க மருத்துவமனைகளில் அடிபட்டு வந்த 34,069 பேரின் கழுத்தைப் பார்த்து, 2000-ல் வெளியானது. கழுத்தில் உண்மையிலேயே காயம் இருந்தது 818 பேருக்கு. பின்கழுத்தின் நடுக்கோட்டை அழுத்தினால் வலிக்கிறதா, குடித்திருக்கிறாரா, நினைவு தெளிவாக இருக்கிறதா, நரம்புக் கோளாறு ஏதாவது உண்டா, கவனத்தை இழுக்கும் வேறு பெருங்காயம் உண்டா என்று ஐந்தே கேள்விகள். இவற்றால் பிடிபடாமல் நழுவியவர்கள் 8 பேர். வந்த மொத்தப் பேரில் எட்டில் ஒருவருக்குப் படமே தேவைப்பட்டிருக்காது.

அதற்கும் முன்பே, 1992-ல், கனடாவின் ஒட்டாவாவில் இயன் ஸ்டீல் குழுவினர் சுளுக்கிய கணுக்காலுக்கு விதி எழுதிவிட்டார்கள். கணுக்கால் முட்டியின் பின்விளிம்பையும் நுனியையும் விரலால் அழுத்து. நாலு அடி நடக்கச் சொல். எலும்பில் வலியில்லை, நடக்கவும் முடிகிறது என்றால் படம் வேண்டாம். இந்த விரலுக்கும் பிளிஸின் விரலுக்கும் வித்தியாசம் என்ன? இது தோலுக்கு வெளியே நிற்கிறது; பதில் எதுவானாலும் அடுத்து என்ன செய்வது என்று தெரிந்துகொண்டு கேள்வி கேட்கிறது.

நமக்குத்தான் திருப்தி வராது. "அழுத்திப் பார்த்தார், நடக்கச் சொன்னார், ஒரு படம்கூட எடுக்கவில்லை, இதற்கு ஃபீஸ் வேறா?" என்று வாசலிலேயே புலம்புவோம். அந்த நாலு அடியைக் கண்டுபிடிக்க 750 பேர் காலை மடக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வரவேண்டியிருந்தது. ஃபீஸைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். நடக்க முடிகிறதல்லவா?