ஊக்கம் ஊட்டிய படலம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். ஆட்களுக்கு ஊக்கம் கொடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பது வெகுகாலம் என் எண்ணம். வேறு யாருக்கும் அப்படித் தோன்றியதாகத் தெரியவில்லை.

முதலில் பரிசுத் திட்டம். ஒரு ஷிப்டில் அதிகம் தைக்கும் டெய்லருக்குத் தனித் தொகை என்று அறிவித்தேன். பவர் டேபிள்கள் பறந்தன. எண்ணிக்கை ஏறியதும் முதலாளியிடம் போய் மார்தட்டிக்கொண்டேன். மறுநாள் செக்கிங் டேபிள் நிறைய ரிஜெக்ட். கழுத்து ரிப் கோணல், தோளில் தையல் விட்டிருக்கிறது, ஓவர்லாக்கில் துணி கடிபட்டிருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல வழியில்லை. எண்ணிக்கைக்குக் காசு என்றேன், எண்ணிக்கையைக் கொடுத்தார்கள்.

அடுத்து, மாதத்தின் சிறந்த பணியாளர். ஹெல்பர் அக்கா ஒருவரின் போட்டோவைப் பெரிதாக்கி வாசலில் மாட்டினேன். அவரே வந்து, "அதை எடுத்துடுங்க சார், பக்கத்துல உக்கார்ற புள்ளைங்க எங்கிட்டப் பேசறதில்லை" என்றார்.

சரி, படித்துத் தெரிந்துகொள்வோம் என்று புத்தகத்தில் இறங்கினேன். அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க், பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்கர்களிடமும், வேலையில் எப்போது மகிழ்ந்தீர்கள், எப்போது நொந்துபோனீர்கள் என்று கேட்டு, 1959-இல் ஒரு நூல் வெளியிட்டார். செய்து முடித்த நிறைவும், அதை நாலுபேர் மதிப்பதும், வேலையின் ருசியும் ஊக்கம் தரும். சம்பளம் கூடினால் முணுமுணுப்பு அடங்கும், அவ்வளவுதான். எனக்கு இனித்தது இந்தக் கடைசிச் சேதி மட்டும். கூலி உயர்வு கேட்டு வந்தவர்களிடம் அதையே எடுத்துவிட்டேன். நொந்துபோகும் காரணங்களில் மேலதிகாரியும் முன்வரிசையில் இருந்தது ஏனோ என் கண்ணில் படவில்லை. ஹெர்ஸ்பெர்க் கேட்டது பொறியாளர்களையும் கணக்கர்களையும். நான் பிரசங்கம் செய்தது, ஒன்றரை ஷிப்ட் ஓட்டினால்தான் வாடகை கட்ட முடியும் என்கிறவர்களிடம்.

அதே ஹெர்ஸ்பெர்க் 1968-இல் எழுதிய கட்டுரையில் ஒரு நாய் வரும். உதைத்தாலும் நகரும், பிஸ்கட் காட்டினாலும் நகரும். ஆனால் நாய் நகர வேண்டும் என்ற ஆசை இரண்டிலும் மனிதனுக்குத்தான். அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் கம்பெனியில் ஊக்கத்தோடு இருந்த ஒரே ஆள் நான்.

தீபாவளி போனஸ் அன்று மைக் பிடித்து, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று உருகினேன். கவரை வாங்கிய சிங்கர் டெய்லர் பிரித்து எண்ணிவிட்டு, "8.33 தானுங்களே சார்?" என்றார். போனஸுக்குச் சட்டம் வைத்த குறைந்தபட்சச் சதவீதம் அது. நான் அள்ளிக் கொடுத்ததாக நினைத்தது, கொடுக்காவிட்டால் கேஸாகும் காசு.

இதற்கெல்லாம் மேல் ஒன்று உண்டு. ஏற்றுமதிச் சரக்கு பேக்கிங்குக்குப் போகும் நேரம். செக்கிங் அம்மணி ஒருவர், எல் சைஸ் பீஸில் எம் லேபிள் இருப்பதைக் கண்டுபிடித்து ஓடிவந்தார். பெட்டி போயிருந்தால் பையர் கிளெய்ம் போட்டுத் தீட்டியிருப்பான். நான் சொன்னது: "நல்லது, ஆனா இதைக் காலையிலயே பார்த்திருக்கலாமே?" அவர் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் வெகுநாள் என்னிடம் எதையும் காட்டவுமில்லை.

எல்லா வித்தையும் தீர்ந்த பிறகு, என்னதான் வேணும் என்று ஆட்களிடமே கேட்டேன். பண்டல் வராமல் சும்மா உட்காரும் நேரம் குறையணும். ஊசி உடைந்தால் ஸ்டோர் சாவிக்கு அலைய முடியாது. சனிக்கிழமைச் சம்பளம் சனிக்கிழமையே வரணும். போட்டோவும் மைக்கும் பட்டியலில் இல்லை. ஊசியை லைன் சூப்பர்வைசர் கையில் கொடுத்தேன், சம்பளத்துக்காக முதலாளியிடம் மல்லுக்கு நின்றேன். எண்ணிக்கை ஏறியது. ரிஜெக்ட் ஏறவில்லை.

பாராட்டத்தான் இன்னும் வாய் வருவதில்லை. போன வாரம் அதே அம்மணியிடம், "ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க" என்று சொல்லி, பல்லைக் கடித்துக்கொண்டு அத்தோடு நிறுத்தினேன். அவர் நகரவில்லை.

"ஆனா... சொல்லுங்க சார்" என்றார்.