எங்கள் போஸ்ட்டுக்கும் ஒரு குரங்கு வேண்டும்

மின்சாரத்துக்குப் பொறுப்பான மகாகனம் பொருந்திய பெரியோர்களுக்கு, பதுளை மலையிலிருந்து பணிவான வணக்கம்.

போஸ்ட் சரிந்து, 33,000 வோல்ட் கம்பி லயத்துத் தகரத்துக்குக் கிட்ட வந்துவிட்டது என்று போன கிழமை ஒரு அலுவலகத்தில் பெட்டிசம் கொடுத்தோம். "குரங்கு ஏறாம பாத்துக்கோங்க" என்று அருள்வாக்குக் கிடைத்தது. மேசைக்கு மேசை சிரிப்பு. பெட்டிசத்தை மடித்துக் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

குரங்கின் மகிமை நாங்கள் அறியாததா? 2025 பெப்ரவரி 9, ஞாயிறு பகல் நாடே இருண்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதாக மின்சக்தி அமைச்சர் குமார ஜயகொடி திருவாய் மலர்ந்தார். நுரைச்சோலை மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும், 900 மெகாவாட், படுத்துவிட்டன. சூரிய மின்சாரம் மிகுந்து, சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைந்திருந்ததால் கட்டமைப்பு தாங்கவில்லை என்று மின்சார சபை பிறகு விளக்கியது. அதை யார் ஞாபகம் வைத்தார்கள்? பேரெல்லாம் குரங்குக்குத்தான்.

2020 ஆகஸ்ட் 17 நாடு இருண்டதற்குக் கெரவலப்பிட்டி உப மின்நிலையத்தில் பராமரிப்பு வேலையில் நடந்த தவறு காரணம் என்றார்கள். அன்று குரங்கு லீவு போலும். உமா ஓயா நீர்மின் திட்டத்துக்குச் சுரங்கம் தோண்டியபோது பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின; 2024 ஏப்ரலில் 120 மெகாவாட் நிலையம் கோலாகலமாகத் திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீரைக் குடித்ததும் குரங்காகத்தான் இருக்க வேண்டும்.

33,000 வோல்ட்டைத் தொட வேண்டியதே இல்லை, கிட்டப் போனாலே பாயும். கூரைத் தகரம் மாற்றுகிறவன் கை, தண்ணிக் குழாய், ஈரக் கம்பு, எது நெருங்கினாலும் ஆள் கரிதான். கொழும்பில் விளக்கு அணைந்தால் விசாரணைக் குழு. தோட்டத்தில் ஆளே அணைந்தால் "கவனக்குறைவு" என்று ஒரு சொல். செத்தவன் தலையிலேயே பழியைப் போட்டுக் கோப்பை மூடுவது எந்த ஊர் நியாயம்? எங்கள் உயிர் என்ன, உங்கள் மீற்றரில் ஏறாத யூனிட்டா?

மன்னிக்கவும், வோல்ட்டேஜ் கொஞ்சம் கூடிவிட்டது.

ஆகையால், கருணைக் கடல்களே, எங்கள் போஸ்ட்டுக்கும் தகுதியும் அனுபவமும் உள்ள குரங்கு ஒன்றை நியமித்தருளுங்கள். அது தொட்டால் அன்றைக்கே அமைச்சர் பேசுவார். அந்தப் பதவிக்கு நிதி ஒதுக்க வழியில்லையென்றால், ஒரு புதுப் போஸ்ட்டையும் அதை நட நாலு ஆளையும் ஐப்பசி மழைக்கு முந்தி அனுப்புங்கள். ஆள் செத்த பிறகு வர வேண்டாம்.

இப்படிக்கு,
கம்பிக்குக் கீழே குடியிருப்போர்