வெகுமதிப் புள்ளியும் தேனிலவு அறையும்: கந்தக பூமியை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

தேனிலவு என்பது, மணமான இருவர், தமக்கு மணம் செய்துவைத்த ஐந்நூறு பேரிடமிருந்து சில நாள் விலகியிருக்கும் பொருட்டு வெளியூர் சென்று தங்குதல் ஆகும். வெகுமதிப் புள்ளி என்பது, ஒரு விடுதிக் குழுமத்திடமோ கடன் அட்டை தரும் வங்கியிடமோ திரும்பத் திரும்பச் செலவழிப்பவருக்கு அந்நிறுவனம் வரவு வைத்து, தான் விதித்த நிபந்தனைப்படி தன்னிடமே மீண்டும் செலவழிக்க இசையும் ஓர் எண். உலக வழக்கில் இது ‘பாயிண்ட்’ எனப்படும். முன்னதைப் பின்னதால் நடத்திக்கொள்ள முற்படுவோர் எந்த நகரத்தில் எந்த விடுதியை எவ்வாறு தெரிவு செய்கின்றனர் என்பதை, விருதுநகர், சிவகாசி, சாத்தூர் ஆகிய ஊர்களை உள்ளிட்ட, கந்தக பூமி எனப்படும் வட்டாரத்தை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அறையில் தங்குவோர் இருவரே ஆயினும் அறையைத் தெரிவு செய்பவர் அவ்விருவருள் ஒருவரும் அல்லர் என்பது இதன் துணிபு.

பாயிண்டின் தோற்றம் பற்றி மேலைநாட்டார் கூறுவது ஒருவகையானது. 1896-இல் அமெரிக்கக் கடைகள் சரக்கு வாங்கியவர்க்குப் பச்சை நிற முத்திரை வில்லைகளை அளித்து, அவற்றை ஏட்டில் ஒட்டிக் கொண்டுவந்தால் பாத்திரம் பண்டம் கொடுத்தன என்றும், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே 1 அன்று பறந்த மைல்களைக் கணக்கு வைக்கத் தொடங்கியது என்றும், அதைக் கண்ட ஹாலிடே இன், மாரியட் ஆகிய விடுதிக் குழுமங்கள் 1983-இல் தாமும் அவ்வாறே செய்தன என்றும் அவர்கள் உரைப்பர். இவ்வரலாறு உண்மையே எனினும் முழுமையன்று. வண்டியில் வந்திறங்கும் மூட்டை ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு எனச் சிறுதொகை பிடித்துப் பொதுவில் சேர்க்கும் ‘மகமை’ என்னும் ஏற்பாடு இவ்வட்டாரத்து வணிகரிடம் அதற்கு முன்பே இருந்தது. வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடி அரிசியும் அதனோடு சேர, விருதுநகரில் 1889-இல் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. பின்னாளில் காமராசர் படித்த பள்ளி அதுவே. சிறுகச் சேர்ந்தது பெருகிப் பயன் தரும் என்னும் நெறியை இம்மக்கள் விடுதிக்காரரிடமிருந்து கற்க வேண்டிய நிலையில் இல்லை என்பது இதனால் பெறப்படும். மகமை சேர்த்தவர் பள்ளி கட்டினர். பாயிண்ட் சேர்ப்பவர் அறை எடுக்கின்றனர். இவ்வேறுபாடு குறித்து இக்கட்டுரை கருத்து எதுவும் கூறாது.

அடுத்து, பாயிண்டின் மதிப்பு. தொகையைப் பெரிதாக அச்சிட்டு மதிப்பைச் சிறிதாக வைப்பது பாயிண்டின் இயல்பாதலால், நாற்பதாயிரம் பாயிண்ட் என்று கேட்ட அளவில் பிற மாவட்டத்தார் நாற்பதாயிரம் ரூபாயோ என மயங்குவர். சிவகாசியார் மயங்குவதில்லை. பட்டாசு விலைப்பட்டியலில் ஒரு விலையை அச்சிட்டு, அதன்மேல் எண்பது விழுக்காடு தள்ளுபடி என்று கொட்டை எழுத்தில் போட்டு, இறுதியில் ‘நெட் ரேட்’ என்று ஒன்றைத் தருவது அவ்வூரில் அன்றாட நிகழ்ச்சியாதலால், எந்த எண்ணைக் கண்டாலும் அதன் நெட் ரேட் யாது எனக் கேட்பது அவர்களுக்கு மூச்சு விடுவதைப் போன்றது. எடுத்துக்காட்டாக, 9,000 ரூபாய் அறைக்கு, 7,500 ரூபாயைக் கடந்த வாடகைக்குரிய 18 விழுக்காடு வரியும் சேர 10,620 ரூபாய் ஆகுமெனக் கொள்வோம். அதே அறை 15,000 பாயிண்டுக்கும் கிடைக்குமாயின் ஒரு பாயிண்டின் நெட் ரேட் ஏறத்தாழ 71 காசு. இக்கணக்கு காலண்டரின் கிழித்த தாளின் முதுகில் அரை நிமிடத்தில் போடப்படும். டாடா குழுமம் 2022 ஏப்ரலில் தொடங்கிய திட்டத்தில் ஒரு நாணயம் ஒரு ரூபாய் என நேராகவே வகுத்துவிட்டதால், அக்குழுமத்தின் தாஜ் விடுதிகளைப் பொறுத்தவரை இந்த ஆராய்ச்சிக்கு இடமில்லை. தள்ளுபடிக்கு இடமில்லாத அந்த நேர்மையை இவ்வட்டார வணிகர் சற்று ஐயத்துடனேயே நோக்குகின்றனர். மாறாக, இன்ன விடுதிக்கு இத்தனை பாயிண்ட் என்னும் நிலையான பட்டியலை மாரியட் 2022 மார்ச்சில் கைவிட்டு, வாடகையின் ஏற்ற இறக்கத்தை ஒட்டிப் பாயிண்டும் ஏறி இறங்குமாறு செய்தபோது, ஐப்பசி முதல் வாரத்தில் கிஃப்ட் பாக்ஸ் விலை ஏறுவதைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அதில் புதுமை ஏதும் தோன்றவில்லை.

பாயிண்டால் அறை எடுக்க இயலாத நாள்கள் சிலவற்றை விடுதிகள் ஒதுக்கிவைப்பதுண்டு. ஆங்கிலத்தில் இந்நாள்களைக் கறுத்த நாள்கள் என்னும் பொருள்படக் குறிப்பர். தமிழில் இதற்குப் புதுச்சொல் ஆக்கப் புகுவோர் வீண்வேலை செய்பவராவர், என்னெனின் ‘கரிநாள்’ என்னும் சொல் முன்பே உண்டு. அதைத் தினசரி காலண்டரில் அச்சிட்டு நாடு முழுவதற்கும் அனுப்புவதும் சிவகாசியே. எனவே மணவீட்டார் பஞ்சாங்கக் கரிநாளையும் விடுதிக் கரிநாளையும் ஒருங்கே தவிர்க்க வேண்டியவராகின்றனர். ஆடியும் மார்கழியும் திருமணத்துக்கு ஆகாதவை. ஆவணி ஆகும், ஆனால் அது தீபாவளிச் சரக்கு ஏறும் காலமாதலால், பட்டாசு ஆபீசில் பொறுப்பில் உள்ள மாப்பிள்ளைக்கு விடுப்பு ஆகாது. (ஆலையை ‘ஆபீஸ்’ என்பது இவ்வட்டார வழக்கு, பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், அச்சாபீஸ் என்பன காண்க. மெய்யாகவே அலுவலகமாக உள்ளதை என்னவென்று அழைப்பது என்பது வேறு ஆய்வுக்குரியது.) தீபாவளி கழிந்து ஆலைகள் சில வாரம் மூடிக்கிடக்கும் காலத்தை ஒட்டிய கார்த்திகை முகூர்த்தமே எல்லா வகையிலும் எஞ்சி நிற்பது. அதையும் விட்டால் மார்கழியில் சென்னையில் இசை விழாவும் புத்தாண்டும் வந்து, அறைக்கான பாயிண்ட் ராக்கெட் போல் எழும். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என வைத்திருந்தாலோ, நெடுநாள் வரவு செலவு இல்லாத கணக்கின் பாயிண்ட், மழையில் வைத்த சரவெடியைப் போல நமத்துப்போகும்.

இனி, பாயிண்ட் யாருடையது என்னும் வினா. இதுவே இவ்வாய்வின் கரு. மணமகன் இருபத்தேழு வயதினன். அவன் கணக்கில் உள்ளது ஒரு முறை பெட்ரோல் நிரப்பவும் போதாது. மணமகளின் கணக்கு அதனினும் நேர்மையானது, அதில் ஒன்றுமில்லை. பாயிண்ட் உடையவர் தாய்மாமனே ஆவர். காலண்டர் ஆர்டருக்கும் பட்டாசு ஆர்டருக்குமாக வடநாட்டு நகரங்களுக்கு ‘லைன்’ போய், அதாவது வாடிக்கையாளர் கடைகளுக்கு முறைவைத்துச் சென்று, ஆண்டில் பாதி நாளை விடுதிகளிலும் மீதி நாளை அதைப் பற்றிப் பேசுவதிலும் கழித்த அவருக்கு, குழுமம் பொன், பிளாட்டினம் போன்ற உலோகப் பெயர்களால் உயர்படிகள் அளித்திருக்கும். சீர் செய்யும் கடமையுள்ள தாய்மாமன், பீரோவுக்கும் கிரைண்டருக்கும் மேலாக ஒன்று செய்ய விரும்பி, “பிள்ளைகளுக்கு ஓட்டல் நம்ம பொறுப்பு” என்று நிச்சயதார்த்தத்தன்று சபையில் சொல்லிவிடுகிறார். அச்சொல்லோடு விடுதியைத் தெரிவு செய்யும் உரிமை அவரிடம் சென்றுவிடுகிறது.

இங்கு ஒரு சிக்கல் எழுகின்றது. பாயிண்டைக் கொண்டு பிறர்க்கு அறை பதிந்து கொடுக்கப் பல திட்டங்களில் வழியுண்டு. ஆயின் காலை உணவு, மேல்வகை அறை, பிற்பகல் வரை தங்கல் முதலிய உயர்படிச் சலுகைகள் உறுப்பினர் தாமே உடன் தங்கினால்தான் பொதுவாகக் கிட்டும். அஃதாவது, மாமா வந்தால் இட்டிலி இலவசம், வாராவிடின் விலைக்கு. அஃதேல், மாமாவும் உடன்செல்லலாமோ எனின், முன்மாதிரி இல்லாமல் இல்லை. ஸ்ரீதர் இயக்கி 1961-இல் வெளிவந்த ‘தேன் நிலவு’ திரைப்படத்தில், மறுமணம் செய்துகொண்ட தங்கவேலு, வளர்ந்த மகளான வைஜயந்திமாலாவையும் உடன்கொண்டே காஷ்மீருக்குத் தேனிலவு செல்கிறார். எனினும் திரைப்படத்தை நடைமுறைக்குச் சான்றாகக் கொள்ளுதல் ஆய்வு நெறியாகாது என்பதால் மாமா வீட்டிலேயே இருத்தப்படுகிறார். அவருடைய தொலைபேசி அழைப்புகள் இருத்தப்படுவதில்லை.

நகரமா மலையா என்னும் பூசலுக்கு இலக்கணம் தெளிவான விடை தருகின்றது. தொல்காப்பிய நெறிப்படி மலைநிலமாகிய குறிஞ்சிக்கு உரிப்பொருள் புணர்தல். அதற்குரிய பெரும்பொழுது கூதிர், அஃதாவது ஐப்பசியும் கார்த்திகையும். ஆகவே கார்த்திகையில் மணந்து கொடைக்கானல் செல்பவர், தாம் அறியாமலேயே, பிழையற்ற அகத்திணை மாந்தர் ஆகின்றனர். வயலும் ஊரும் சார்ந்த மருதத்துக்கோ உரிப்பொருள் ஊடல், சிறுபொழுது வைகறை. பாயிண்ட் செல்லும் பெருங்குழும விடுதிகள் மிகுதியும் நகரங்களிலேயே இருப்பதால், பாயிண்டைக் கொண்டு தேனிலவு செல்வோர் குறிஞ்சியை விட்டு மருதத்தில் புக நேர்கின்றது. இதன் விளைவு இலக்கணம் கூறியவாறே அமைவது வியப்புக்குரியது. சிவகாசியில் இரவு பொதிகை விரைவு வண்டி ஏறுவோர் காலையில் சென்னையில் இறங்குவர். விடுதி அறையோ பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்கே தரப்படும். பெட்டிகளுடனும் சரியாக உறங்காத கண்களுடனும் ஆட்டோ வரிசையில் நிற்கும் அந்த வேளையில்தான், முதன்முதலாக, “முன்னாடியே கேட்டு வச்சிருக்கக் கூடாதா?” என்னும் ஊடற்கிளவி தலைவி வாயினின்று பிறக்கின்றது.

இடைப்பட்ட ஏழெட்டு மணி நேரத்தைப் போக்குவதற்கு அத்தை வீடு உள்ளது. விருதுநகர் மாவட்டத்தார் ஒவ்வொருவருக்கும் சென்னையில் ஓர் அத்தை உண்டு. அவர் கணவர் மளிகைக் கடையோ பாத்திரக் கடையோ வைத்திருப்பார். இவ்வீட்டில் குளித்து, உண்டு, விருந்து முடித்துப் புறப்படுகையில் அத்தை கேட்பது: “நம்ம வீடு இருக்கையில லாட்ஜுல என்னத்துக்குய்யா தங்கணும்?” விடுதி எத்தனை விண்மீன்களை உடையதாயினும் அத்தையின் சொற்களஞ்சியத்தில் அது லாட்ஜே. பாயிண்ட் வீணாகிவிடும் என்பதொன்றே இதற்கு மறுப்பாக நிற்கத்தக்க விடை. காசு வீணாகும் எனின் அத்தை தாமே தந்துவிடுவார். ஆதலின் அத்தையிடமிருந்து மணமக்களைப் பிரித்துக் கொணரும் ஆற்றலே பாயிண்டின் உண்மையான நெட் ரேட் என்று கருத இடமுண்டு. அது 71 காசினும் மிக்கது.

மலையும் வேண்டும், பாயிண்டும் செல்ல வேண்டும் என்போர் மதுரையை அடுத்த பசுமலையைச் சுட்டுவர். ஆங்கிலேயர் காலத்து மாளிகையைக் கொண்ட தாஜ் குழும விடுதி அங்குக் குன்றின்மேல் உள்ளது. ஊர் மருதம், இடம் குறிஞ்சி. குறை ஒன்றே: விருதுநகரிலிருந்து ஒரு மணி நேரத்தில் சென்றுவிடலாம். இரண்டாம் நாள் மதினி தூக்குவாளியில் குழம்புடன் வந்து நிற்பதை எந்தத் திட்டத்தின் விதியும் தடுப்பதில்லை.

சென்னை விடுதிகளுள் பெரிதும் ஆராயப்படுபவை இரண்டு. தாஜ் கன்னிமரா, 1886 முதல் 1890 வரை சென்னை மாகாண ஆளுநராயிருந்த கன்னிமரா பிரபுவின் பெயரைத் தாங்கியது. நூலகமும் அவர் பெயரினதே. அவர் பதவியில் இருந்தபோதே, 1890-இல், அவருடைய மனைவி மணவிலக்குப் பெற்றார். மணவிலக்கான ஆளுநரின் பெயரையுடைய விடுதியில் தேனிலவு கொள்ளலாமா என்னும் ஐயத்துக்கு, மருதநிலத்துப் பெயர் மருதப்பொருளையே சுட்டுதல் இயல்பு என அமைதி கூறுவர் ஒருசாரார். நெட் ரேட் ஒத்துவருமா என வினவுவர் மற்றொருசாரார். பின்னவர் வென்றனர். கிண்டியில் 2012-இல் திறக்கப்பட்ட, 600 அறைகளையுடைய ஐடிசி கிராண்ட் சோழா மாரியட் பாயிண்டும் செல்லுமாறு அமைந்தது. ஆயின் பாண்டிநாட்டார் சோழன் பெயரால் அமைந்த மனையில் இல்லறம் தொடங்குதல் தகுமோ என்பதை வரலாற்றாசிரியர் எவரும் இதுகாறும் எழுப்பாதது குறையே. மாமா இதையே தெரிவு செய்வார். மாரியட் திட்டத்தில் ஐந்து இரவுகளைத் தொடர்ந்து பாயிண்டால் பதிந்தால் நான்குக்கே பாயிண்ட் கழியும். மணமக்கள் வேண்டியது இரண்டு இரவு. ஒன்று இலவசமாக வருகையில் அதை விடுவது தொழில் தெரியாதவர் செயல் என்பதால் ஐந்தாகவே பதியப்பட்டது.

அறையினுள் நிகழ்வன சுருங்கக் கூறத்தக்கவை. பாயிண்டுக்கு அளிக்கப்படும் அடிப்படை அறையில் ஒரே கட்டிலா, இரு தனிக்கட்டில்களா என்பது வேண்டுகோளுக்குரியதே அன்றி உறுதிக்குரியதன்று. துண்டைச் சுருட்டி அன்னமாக்கி வைத்தலும் அவ்வாறே. மணமகளின் ஆதாரில் தந்தை பெயரும் பழைய முகவரியும் இருக்கும். மணமாகாத இருவர் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் இல்லை எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் கூறியிருக்க, மணமானவர் சான்று தேட வேண்டியதில்லை. எனினும் மணமகளின் தாய் பெட்டியின் மேலடுக்கில் கல்யாணப் பத்திரிகை ஒன்றை வைத்தே அனுப்புவார். சிவகாசியில் அச்சான அப்பத்திரிகையில், மாமாவின் உறுப்பினர் கணக்குக்கும் வரவேற்பு மேசையில் நிற்கும் இருவருக்கும் என்ன தொடர்பு என்பதை விளக்கும் ஒரே வரி, ‘தாய்மாமன்’ என்னும் தலைப்பின்கீழ் உள்ளது.

எஞ்சியது, மாமா அளித்த இவ்வறையைச் செய்முறை நோட்டில் எவ்வாறு எழுதுவது என்பது. செய்முறை நோட்டாவது, விசேட வீட்டுக்கு யார் எவ்வளவு செய்தார் என்பதைக் குறித்துவைத்து, அவர் வீட்டு விசேடத்தின்போது குறையாமல் திருப்பிச் செய்தற்குரிய பதிவேடு. இதில் எழுதிய பாயிண்ட் நமத்துப்போவதுமில்லை, இதற்குக் கரிநாளுமில்லை. ரூபாய் என்னும் பத்தியில் ரூபாய் அல்லாததை எழுதலாகாது என்று கணக்கெழுதும் பெரியவர் மறுக்க, நெட் ரேட் கட்டி எழுதலாம் என்று மணமகனின் தந்தை கூற, அவ்வாறே எழுதுவதென முடிவானபோது, இலவசமாக வந்த இரவு மாமா செய்ததா, விடுதி செய்ததா என்னும் வினா பிறந்தது. மாமாவின் மகளுக்கு மணமாகும் நாளில் திருப்பிச் செய்ய வேண்டியது நான்கா ஐந்தா என்பது இதைப் பொறுத்தது. தற்போது மணமகன் வீட்டு நோட்டில் நான்கு இரவு என்றும் மாமா வீட்டு நோட்டில் ஐந்து இரவு என்றும் பதிவாகியுள்ளது. இரு நோட்டுகளும் சிவகாசியில் அச்சானவையே.