நாலு ரூபாய் எண்பது காசு

2023 பிப்ரவரி 18, சனிக்கிழமை, மகா சிவராத்திரி. கபாலீசுவரர் கோயிலில் நாலு கால பூஜைக்கும் கூட்டம் நெரிய, எங்கள் வீட்டிலும் அம்மா விழித்திருந்தாள். பக்தி காரணமில்லை. விஜய் டிவி வரவில்லை.

முதலில் ரிமோட்டை உள்ளங்கையில் நாலு தட்டு தட்டினாள். பேட்டரியைக் கழற்றி இடம் மாற்றிப் போட்டாள். செட்டாப் பாக்ஸை அணைத்துப் போடச் சொன்னாள், போட்டேன். திரை கறுப்பாகவே இருந்தது. "பாக்கியலட்சுமிக்கு என்னடா ஆச்சு?" என்று தன் சீரியலைப் பற்றிக் கேட்டாள் பாருங்கள், ஆஸ்பத்திரி வாசலில் கேட்கிற மாதிரி.

ஆனது இதுதான். ஒரு சேனலைத் தொகுப்பில் சேர்க்க வேண்டுமானால் அதன் விலை 19 ரூபாயைத் தாண்டக்கூடாது என்று முன்பு ஒரு விதி. அதை 12 ஆக்கப் பார்த்து, கோர்ட்டு கேஸெல்லாம் ஆகி, 2022 நவம்பரில் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் மறுபடி 19க்கே வந்து சேர்ந்தது. சேனல்காரர்கள் பிப்ரவரி 1 முதல் புது விலை என்றார்கள். கேபிள் நிறுவனங்களின் கூட்டமைப்போ, சந்தா ஏறினால் ஜனங்கள் ஓடிவிடுவார்கள், புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டோம் என்று கேரள உயர்நீதிமன்றம் வரை போனது. விஜய் டிவியை வைத்திருந்த ஸ்டாரும், ஜீயும், சோனியும் சிக்னலை நிறுத்திவிட்டன. நாடு முழுக்க சுமார் 4.5 கோடி வீடுகளில் இருட்டு என்பது கூட்டமைப்பு சொன்ன கணக்கு. சம்பந்திகள் மண்டப வாசலில் சண்டை போட, பந்தியில் தண்ணீர் தெளித்த இலையோடு நாம் உட்கார்ந்திருந்தோம். மொய் மட்டும் முன்னாலேயே வாங்கிவிட்டார்கள்.

டி.டி.எச். வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எதிர் ஃபிளாட் மாமி வீட்டில் டிஷ். எனவே அம்மா தினமும் சாயங்காலம் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உறைமோர் கடன் கேட்கப் போனாள். இரண்டு மணி நேரம் கழித்து வெறும் கிண்ணத்தோடு திரும்பினாள். நானும் அவஸ்தைப்பட்டேன். டெல்லியில் ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட். ஞாயிற்றுக்கிழமை காலையில் நம்ம ஜடேஜா 42 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்து முடித்ததை உள்ளங்கை அகல போனில் பார்த்தேன். பந்து எது, திரையில் ஒட்டியிருந்த ரவைத் துணுக்கு எது என்று கடைசிவரை தெரியவில்லை.

எங்கள் வீட்டில் ஆறு நாள் இப்படிப் போயிற்று. அப்புறம் சமாதானமாகி, சேனல்கள் ஒன்றும் நடக்காத மாதிரி வந்துவிட்டன. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. வராத சேனலுக்குக் காசு வாங்கக்கூடாது என்று டிராயின் 2017 விதிமுறைகளில் இருக்கிறது. பின்னால் 2025இல் அமெரிக்காவில் டிஸ்னி சேனல்கள் இரண்டு வாரம் போனபோது யூடியூப் டிவி 20 டாலர் கழித்துக் கொடுத்தது. எனக்கு அவ்வளவு வேண்டியிருக்கவில்லை, நியாயமானது வந்தால் போதும் என்றிருந்தது. கணக்குப் போட்டேன். விஜய் டிவிக்கு உச்சவரம்பான 19 ரூபாய் என்றே வைத்துக்கொண்டேன். பிப்ரவரிக்கு 28 நாள். ஆறு நாளுக்கு 4 ரூபாய் 7 காசு, 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 4 ரூபாய் 80 காசு. கிரிக்கெட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. போனில் பார்த்துவிட்டேனே, நான் நேர்மையானவன்.

கஸ்டமர் கேரில் தமிழுக்கு ஒன்றை அழுத்தினேன். இருபது நிமிஷம் நாதஸ்வரம் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல், "லோக்கல் ஆபரேட்டர்கிட்ட பேசுங்க சார்" என்றது. டிராய்க்கே எழுதலாம் என்றால், அவர்கள் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை. சட்டம் போட்டவர் வீட்டில் நாய் ஜாக்கிரதை பலகை.

லோக்கல் ஆபரேட்டர் என்பது எங்கள் கேபிள்காரர். 2003 செப்டம்பர் 1ஆம் தேதி சென்னையில் காஸ் என்ற முறை வந்து, கட்டணச் சேனலுக்குப் பெட்டி வாங்கு என்றார்களே, அப்போது "தமிழ்ச் சேனல் சும்மாவே வருது, பொட்டி எதுக்கு மாமி, எழுபத்திரண்டு ரூபாயும் வரியும் குடுத்தா போதும்" என்று எங்களைக் காப்பாற்றியவர். தான் விற்க வேண்டிய பெட்டியைத் தானே வேண்டாம் என்ற வியாபாரியை மயிலாப்பூரில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. மொட்டை மாடியில் ஒயர் இழுக்கும்போது எங்கள் வடகம் காயும் வேட்டியை ஒருநாளும் மிதித்ததில்லை. இவரிடம் போய் நாலு ரூபாய் எண்பது காசு கேட்பதா?

கேட்டேன். மார்ச் முதல் வாரம் வந்தார். அம்மா மோர் கொடுத்தாள். நான் கணக்குக் காகிதத்தை நீட்டினேன். நிதானமாகப் படித்தார். அம்மா உள்ளேயிருந்து, "உனக்கு வெக்கமா இல்லையாடா?" என்றாள்.

"இருக்கட்டும் மாமி, சார் சொல்றது நியாயம்தான்" என்று சட்டைப் பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து என் கையில் வைத்தார். எனக்கு வந்த வெற்றிக் களிப்பைச் சொல்லி மாளாது. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

"என்ன?"

"மீதி இருபது காசு, சார்."

25 காசும் அதற்குக் கீழே உள்ளதும் 2011 ஜூன் 30ஓடு செல்லாமல் போயாயிற்று. பூஜை அறை உண்டியலைக்கூடக் குலுக்கிப் பார்த்தேன். ஒரு ரூபாயாக வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு, "கணக்குன்னா கணக்குதான் சார்" என்று மறுத்துவிட்டு, நீள நோட்டைப் பிரித்து என் பெயருக்கு நேரே எழுதினார்: பாக்கி 0.20.

இன்னும் அந்தப் பாக்கி நிற்கிறது. ஒவ்வொரு மாதமும் அந்தப் பக்கத்தைத் திருப்பும்போது ஒரு விநாடி நிறுத்தி என்னைப் பார்ப்பார். போன மாதம் நானே வாய்விட்டு, இதை எப்படித்தான் தீர்ப்பது என்று கேட்டேன்.

"அவசரமில்ல சார். அடுத்த தடவ சேனல் போவும்ல, அதுல கழிச்சுக்கலாம்."