மாப்ளே, வாயைக் கொஞ்சம் தொற!

என்ன மாப்ளே, நாக்கெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கு? சுரண்டுனா அடியில செவசெவன்னு தெரியுதே! எவன் கண்ணோ பட்டுருச்சுன்னு உங்க ஆத்தா மொளகா சுத்திப் போட்டாளாம். மொளகா என்ன செய்யும், பாவம்.

அது கேண்டிடா அல்பிகன்ஸ்ங்கிற பூஞ்சைப்பா. சொகமா இருக்குற ஆளுகள்லயே பாதிப் பேரு வாயில சத்தங்காட்டாம கிடக்கும். திண்ணையில சுருண்டு கிடந்த விருந்தாளிக்கு நீயாத்தான் நடுவீட்டுல பாய் விரிச்சுக் குடுத்திருக்க.

லேப்ல வேலை பாக்குற என் பேத்தி சொல்லுவா: கெடுதல் பண்ணுற ஜீன் எல்லாம் அதுகிட்ட எப்பவும் இருக்காம். எது எப்ப முழிக்குதுங்கிறதுலதான் சூட்சுமம். உருண்டை ஈஸ்டா இருக்குறவரைக்கும் முக்கியமான சிலது அடங்கிக் கிடக்கும். தோது கிடைச்சு இழைவிட ஆரம்பிச்சா எச்டபிள்யூபி1, ஏஎல்எஸ்3, ஈசிஈ1 எல்லாம் எந்திரிச்சிரும்.

இதுல மொதல் ஆளு பெரிய கில்லாடி. அது உண்டாக்குற புரதம் இழை மேல நிக்குமா? நம்ம டிரான்ஸ்குளுட்டாமினேஸ் நொதி அதைச் சொந்தப் புரதம்னு நம்பி, கன்னத்துச் செல்லோட சேத்துத் தச்சே விட்டுரும்! இந்த உபசாரம் உனக்கு மாமியா வீட்டுலகூடக் கிடைச்சிருக்காது. ஏஎல்எஸ்3 ஒட்டவும் உதவும், உள்ள நுழையவும் உதவும். ஈசிஈ1ல இருந்து வர்ற கேண்டிடாலைசின் 31 அமினோ அமிலம்தான் நீளம்; ஆனா செல்லுச் சவ்வையே ஓட்டை போட்டுரும். மனுசனைத் தாக்குற பூஞ்சையில இப்படிச் செல்லை ஓட்டை போடுற பெப்டைடு நஞ்சு மொதமொதலா சிக்குனதே 2016லதான்.

சரி, பாய் விரிச்ச கதைக்கு வருவோம். இன்ஹேலரை இழுத்த கையோட வாய்கூடக் கொப்பளிக்காம டீக்கடைக்கு ஓடுறியே, அதுல இருக்குற ஸ்டீராய்டு வாயிலயே தங்கி அங்கன உள்ள எதிர்ப்பை மழுங்கடிக்காதா? சளி புடிச்சா மருந்துக்கடையில நீயா ஆன்டிபயாடிக் வாங்கி முழுங்குற. அது பூஞ்சையைத் தொடாது. பூஞ்சைக்குப் போட்டியா இருந்த பாக்டீரியாவைத்தான் கொன்னு போடும். சர்க்கரை கூடுனாலும் இது தலைதூக்கும்; அதைப் பாருன்னா மட்டும் முழி பிதுங்குது! நான் ராத்திரி பல்செட்டைக் கழட்டித் தண்ணியில போட்டா நக்கல் வேற. கழட்டாமத் தூங்குனா எனக்கும் இதே கூத்துதான்டா.

எந்திரி. இன்ஹேலரை நீயா நிறுத்திப்புடாத. இழுத்த பிறகு நல்லாக் கொப்பளிச்சுத் துப்பு. டாக்டர்கிட்ட வாயைத் தொறந்து காட்டிட்டு, அப்படியே சர்க்கரையும் பாத்துட்டு வா.